சொந்தக் கணக்குகளுக்குள் பணம் மாறும்போது: கணக்குச் செயலியில் எப்படிப் பதிவது?

மாதச் சம்பளம் 60,000 ரூபாய். வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து 40,000. கையில் மிஞ்சுவது 20,000. இவ்வளவு நேரான கணக்கை ஒரு செயலியில் ஏற்றிப் பார்த்தால், மாதக் கடைசியில் "வரவு 1,10,000, செலவு 90,000" என்று காட்டுகிறது. அந்த வீட்டில் யாரும் 50,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை, கூடுதலாகச் செலவழிக்கவும் இல்லை. சம்பளம் விழும் கணக்கிலிருந்து, வீட்டுச் செலவுக்கென்று வைத்திருக்கும் இன்னொரு வங்கிக் கணக்குக்கு 50,000 அனுப்பினார்கள். முதல் வங்கியின் ஸ்டேட்மென்ட்டில் பணம் போனதாக இருந்ததால் செயலி அதைச் செலவில் சேர்த்தது. இரண்டாவது வங்கியின் ஸ்டேட்மென்ட்டில் பணம் வந்ததாக இருந்ததால் வரவில் சேர்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு வங்கிகளின் இருப்பும் செயலியில் பைசா பிசகாமல் ஒத்துப்போகும் என்பது. மிச்சம் 20,000 என்பதும் சரியாகவே வரும். "இருப்பு சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன" என்று விட்டுவிடுவோம். ஆனால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேமிக்கும் ஒரு குடும்பம், செயலியின் அறிக்கையில் 18 சதவீதம்தான் சேமிப்பதாகத் தெரியும். செலவு வகைகளில் "இதர செலவு" என்ற தலைப்பு மலைபோல் நிற்கும். அதைப் பார்த்து எடுக்கும் முடிவு எதுவும் சரியாக இருக்காது. சொந்தக் கணக்கு எழுதத் தொடங்குபவர்கள் பலர் இரண்டு மூன்று மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவதற்கு இதை ஒரு பெரிய காரணமாகவே நான் பார்க்கிறேன். எண்கள் நம்பும்படி இல்லை என்றால் யாருக்குத்தான் தினமும் உட்கார்ந்து எழுதத் தோன்றும்?

எது பரிமாற்றம், எது செலவு?

நீங்கள் எழுதும் கணக்குப் புத்தகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் சேமிப்புக் கணக்கு, பர்ஸில் இருக்கும் ரொக்கம், கிரெடிட் கார்டு, எஃப்டி, வீட்டுக் கடன் என்று நீங்கள் செயலியில் கணக்காகத் திறந்து வைத்திருப்பவை எல்லாம் எல்லைக்கு உள்ளே. மளிகைக் கடை, மின்வாரியம், பெட்ரோல் பங்க், சம்பளம் தரும் நிறுவனம் எல்லாம் வெளியே. பணம் எல்லையைத் தாண்டி வெளியே போனால் செலவு; வெளியிலிருந்து உள்ளே வந்தால் வரவு; உள்ளேயே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால் பரிமாற்றம். பரிமாற்றம் நடந்தால் உங்கள் மொத்தச் சொத்து மதிப்பு, அதாவது இருப்பதைக் கூட்டிக் கடனைக் கழித்தால் வரும் தொகை, ஒரு ரூபாய்கூட மாறாது. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த ஒரு சோதனை போதும்.

எல்லை எங்கே என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள் என்பதால், ஒரே செயல் ஒருவர் புத்தகத்தில் செலவாகவும் இன்னொருவர் புத்தகத்தில் பரிமாற்றமாகவும் இருக்கலாம். மனைவியின் கணக்குக்கு 15,000 அனுப்புகிறீர்கள். இருவர் கணக்கும் ஒரே புத்தகத்தில் இருந்தால் அது பரிமாற்றம். அவர் அந்தப் பணத்தில் காய்கறி வாங்கும்போதுதான் செலவு. நீங்கள் உங்கள் கணக்கை மட்டும் எழுதுகிறீர்கள் என்றால், அனுப்பிய அன்றே "வீட்டுச் செலவு 15,000". சிங்கப்பூரிலிருந்து தன் சொந்த என்ஆர்ஈ கணக்குக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) பணம் அனுப்புபவருக்கு அது பரிமாற்றம். அதே தொகையை ஊரில் இருக்கும் அம்மாவின் கணக்குக்கு அனுப்பினால் அது செலவு. எனவே செயலியைத் திறந்ததும் முதல் வேலை, எந்தெந்தக் கணக்குகள் உள்ளே வரப்போகின்றன என்று ஒரு தாளில் எழுதுவது. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு நிகழ்வு, இரண்டு பக்கம்

கடைகளும் நிறுவனங்களும் கணக்கெழுதப் பயன்படுத்தும் டேலி மென்பொருளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்தாலோ, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றினாலோ எஃப்4 அழுத்தி கான்ட்ரா வவுச்சர் போடுவார்கள். பணம் கொடுத்ததை எழுதும் பேமென்ட், பணம் வந்ததை எழுதும் ரிசீட் பக்கம் போகமாட்டார்கள். பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்தில் எதிர்ப்பதிவு என்று படித்தது இதுதான். வெனிஸில் 1494-இல் லூக்கா பாச்சியோலி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையின் அடிப்படையும் இதுவே: எந்தப் பணமும் ஓரிடத்திலிருந்து வந்து ஓரிடத்துக்குப் போகிறது, இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சொந்தக் கணக்குச் செயலிகள் இதை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. க்னூகேஷில் ஒவ்வொரு வரியிலும் "ட்ரான்ஸ்ஃபர்" என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே எதிர்க் கணக்கின் பெயரைப் போட வேண்டும். மளிகைச் செலவுக்குக்கூட "மளிகை" என்பது ஒரு கணக்குதான் என்பதால், க்னூகேஷைப் பொறுத்தவரை எல்லாமே பரிமாற்றம். ஃபயர்ஃபிளை த்ரீயில் பதிவைத் தொடங்கும்போதே பணம் எடுப்பு, பணம் வரவு, பரிமாற்றம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒய்நாப், ஆக்சுவல் பட்ஜெட் இரண்டிலும் யாருக்குக் கொடுத்தோம் என்று போடும் இடத்தில் உங்களுடைய இன்னொரு கணக்கையே தேர்ந்தெடுத்தால் அது பரிமாற்றமாகிவிடும். குவிக்கனில் வகை போடும் இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் கணக்கின் பெயர் வரும். முகம் வேறு வேறாக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். ஒரு பக்கத்தில் நீங்கள் எழுதினால், மறுபக்கத்து வரியைச் செயலியே எழுதிக்கொள்ளும். எனவே ஒரு பரிமாற்றத்தை ஒரே ஒரு முறைதான் எழுத வேண்டும். அந்தக் கணக்கில் ஒருமுறை, இந்தக் கணக்கில் ஒருமுறை என்று எழுதுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

வெறும் எழுத்துக் கோப்பில் கணக்கு எழுதும் லெட்ஜர், ஹெச்லெட்ஜர் வகையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்:

05-04-2025 கார்டு பில் கட்டியது
கடன்: கிரெடிட் கார்டு 12,500
சொத்து: சேமிப்புக் கணக்கு -12,500

இரண்டு எண்களையும் கூட்டினால் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் வராவிட்டால் மென்பொருள் அந்தப் பதிவை ஏற்காது. கார்டில் ஏற்கெனவே மைனஸ் 12,500 கடன் இருந்தது. இந்தப் பதிவோடு அது பூஜ்ஜியமாகிறது. சேமிப்பில் 12,500 குறைகிறது. செலவு என்ற தலைப்பு இந்தப் பதிவில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கிரெடிட் கார்டு: பில் கட்டுவது செலவு அல்ல

மார்ச் 12-ஆம் தேதி கார்டில் 12,500 ரூபாய்க்கு மிக்ஸியும் துணிமணியும் வாங்கினீர்கள். ஏப்ரல் 5-ஆம் தேதி பில் கட்டினீர்கள். செலவு நடந்த நாள் எது? மார்ச் 12. அன்றே கார்டு கணக்கில் "வீட்டுச் சாமான் 4,500, துணி 8,000" என்று எழுதிவிட வேண்டும். ஏப்ரலில் நடப்பது, கடைக்காரருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட வங்கிக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கியைத் தீர்ப்பது.

கார்டைக் கணக்காகவே திறக்காமல், மாதா மாதம் "கிரெடிட் கார்டு பில்" என்று ஒரே செலவாகப் போடுபவர்கள் பலர் உண்டு. எல்லாச் செலவையும் கார்டில் செய்பவருக்கு அந்த அறிக்கையால் எந்தப் பயனும் இல்லை: எதற்குச் செலவானது என்பது மறைந்துவிடுகிறது, செலவு ஒரு மாதம் தள்ளிப்போகிறது, பாதி பில் மட்டும் கட்டிய மாதத்தில் செலவு குறைந்ததுபோல் தெரிகிறது. கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. கடன் ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் "இந்த மாதம் பரவாயில்லை" என்று செயலி ஆறுதல் சொல்லும்.

கார்டை எதிர்மறை இருப்பு உள்ள கணக்காகத் திறந்துவிட்டால் எல்லாம் இடத்தில் உட்காரும். வட்டி, தாமதக் கட்டணம், அவற்றின் மேல் வரும் ஜிஎஸ்டி ஆகியவை உண்மையான செலவுகள். அவற்றைக் கார்டு கணக்கிலேயே செலவாக எழுதுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் திரும்பி வந்தால் அதை வரவில் போடாமல், அதே துணி வகையில் செலவைக் குறைக்கும் பதிவாகப் போடுங்கள்.

குறுஞ்செய்திகளைப் படித்துத் தானாகக் கணக்கு எழுதும் செயலிகளில் இந்த இடத்தில் கூடுதல் கவனம் தேவை. கார்டில் வாங்கியபோது ஒரு செய்தி, பில் கட்டியபோது சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் போனதாக ஒரு செய்தி, கார்டுக்குப் பணம் வந்துசேர்ந்ததாக இன்னொன்று. மூன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் ஒரே செலவு இருமுறையும், இல்லாத வரவு ஒன்றும் ஏறிவிடும். மாதம் ஒருமுறையாவது பில் கட்டிய வரியைத் தேடிப்போய்ப் பரிமாற்றமாக மாற்றுங்கள்.

ரொக்கமும் சின்னச் சின்னப் பைகளும்

ஏடிஎம்மில் 10,000 எடுப்பது, மூட்டையிலிருந்து அரிசியை டப்பாவில் கொட்டிவைப்பது போன்றது. இன்னும் உலையில் போடவில்லை. ரொக்கம் என்று ஒரு கணக்கு திறந்து, அதற்கு 10,000 பரிமாற்றம். இலவச வரம்பைத் தாண்டி எடுத்திருந்தால் வங்கி பிடிக்கும் கட்டணம் மட்டும் செலவு. 2025 மே மாதத்திலிருந்து இது ஒரு முறைக்கு அதிகபட்சம் 23 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் 27.14.

ரொக்கத்தில் ஒவ்வொரு டீயையும் பஸ் டிக்கெட்டையும் எழுத வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பர்ஸை எண்ணுங்கள். செயலியில் 3,400 இருக்க வேண்டும், கையில் 2,750 இருக்கிறது என்றால், 650 ரூபாயை "கைச்செலவு" என்று ஒரே வரியில் போட்டு இருப்பைச் சரிசெய்யுங்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். வருடக்கணக்கில் விடாமல் எழுத முடிகிற முறைதான் நல்ல முறை.

யுபிஐ லைட்டும் ரொக்கம் மாதிரிதான். அதில் பணம் ஏற்றும்போது மட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி வருகிறது. அதிலிருந்து செய்யும் சின்னச் செலவுகள் அங்கே தனித்தனியாக வருவதில்லை. ஆகவே ஏற்றுவது பரிமாற்றம், பிறகு வாரக் கடைசியில் மீதியைப் பார்த்துச் செலவு. ஃபாஸ்டேக் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்கமாட்டேன். வருடத்தில் நாலைந்து முறை நெடுஞ்சாலை ஏறுபவர், ரீசார்ஜ் செய்யும்போதே "சுங்கக் கட்டணம்" என்று செலவெழுதிவிடலாம். அதற்கென்று தனிக் கணக்கு திறந்து பராமரிப்பதில் கிடைப்பதைவிட இழுக்கும் வேலை அதிகம். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அது வேறு கதை. அவருக்குத் தனிக் கணக்கு அவசியம்.

இஎம்ஐ: பாதி பரிமாற்றம், பாதி செலவு

ஒரே தொகைக்குள் இரண்டும் கலந்து வரும் இடம் இது. 20 லட்சம் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதத்தில் 20 லட்சத்துக்கான வட்டியே 15,000. மீதி 2,995 மட்டும்தான் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் வட்டி சுமார் 14,978 ஆகக் குறைந்து, அசலுக்குப் போவது 3,017 ஆகிறது. இப்படியே மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசி வருடங்களில் தவணையில் பெரும்பகுதி அசலுக்குப் போகும்.

இதில் வட்டி செலவு. எல்லை தாண்டிப் போய்விட்டது. அசல் பரிமாற்றம், வங்கி இருப்பு குறைந்த அளவுக்குக் கடனும் குறைகிறது. எனவே தவணையை ஒரே பதிவாக எழுதி இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான செயலிகளில் "ஸ்ப்ளிட்" என்ற வசதி இதற்குத்தான் இருக்கிறது; க்னூகேஷில் கடன் விவரம் கொடுத்தால் தவணைகளை அமைத்துத் தர ஒரு வழிகாட்டியும் உண்டு. மாதா மாதம் பிரிப்பது தலைவலி என்றால், முழுத் தவணையையும் கடன் கணக்குக்குப் பரிமாற்றமாகப் போட்டுவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை வங்கி தரும் வட்டிச் சான்றிதழைப் பார்த்து, வருடம் முழுவதற்குமான வட்டியைக் கடன் கணக்கில் ஒரே செலவாக ஏற்றலாம். மார்ச் 31 அன்று செயலியின் கடன் பாக்கியும் வங்கி சொல்லும் பாக்கியும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

கடன் வாங்கும்போதும் இதே நியாயம். நகைக்கடனாக 80,000 கைக்கு வந்தால் அது வரவு ஆகாது. சேமிப்பில் 80,000 ஏறுகிறது, நகைக்கடன் கணக்கு மைனஸ் 80,000-இல் தொடங்குகிறது. அதை வருமானமாக எழுதினால், கடன் வாங்கிய மாதம்தான் வருடத்திலேயே செழிப்பான மாதமாகத் தெரியும்.

எஃப்டி, எஸ்ஐபி, சீட்டு, கைமாற்று

எஃப்டி போடுவது பரிமாற்றம். முதிர்வில் 1,07,000 வந்தால், அதில் 1,00,000 எஃப்டியிலிருந்து திரும்பி வந்த பரிமாற்றம், 7,000 வட்டி வரவு. வங்கி டிடிஎஸ் பிடித்திருந்தால் வட்டியை முழுதாக வரவில் எழுதி, பிடித்ததை வரி என்று தனியாக எழுதுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போடும் எஸ்ஐபி பற்றித்தான் அதிகம் பேருக்குக் குழப்பம்: மாதம் 5,000 போகிறதே, அது செலவா இல்லையா? சொத்துக் கணக்கில் பார்த்தால் பரிமாற்றம். ஆனால் "இந்த மாதம் கையில் எவ்வளவு இருக்கும்" என்று பட்ஜெட் போடும்போது அந்த 5,000 போய்விட்ட பணம்தான். இரண்டுமே உண்மை, ஏனென்றால் புத்தகத்தின் எல்லைக்குள்ளேயே பட்ஜெட்டுக்கு இன்னொரு சின்ன எல்லை இருக்கிறது. ஒய்நாப் இதை அழகாகக் கையாள்கிறது: பட்ஜெட்டுக்குள் இருக்கும் இரண்டு கணக்குகளுக்கிடையே மாற்றினால் வகை கேட்காது, பட்ஜெட்டுக்கு வெளியே வெறுமனே கண்காணிக்கும் முதலீட்டுக் கணக்குக்கு அனுப்பினால் வகை கேட்கும். உங்கள் செயலியில் இந்தப் பிரிவு இல்லாவிட்டால், பரிமாற்றமாகவே எழுதிவிட்டு, மாதத் திட்டத்தில் மட்டும் அதற்கென ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

ஏலச் சீட்டுக்கு எந்தச் செயலியிலும் தயார் நிலையில் கட்டம் கிடையாது, ஆனால் பரிமாற்றம் புரிந்துவிட்டால் அதை ஒரே கணக்கில் முடித்துவிடலாம். "சீட்டு" என்று ஒரு கணக்கு திறவுங்கள். ஒரு லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாதம். கழிவு போக நீங்கள் கட்டும் தொகை மாதத்துக்கு மாதம் மாறும். 4,100 கட்டினால் 4,100, 4,350 கட்டினால் 4,350 என்று கட்டியதை அப்படியே சேமிப்பிலிருந்து சீட்டுக்குப் பரிமாற்றமாகப் போடுங்கள். நடுவில் அவசரத்துக்குத் தள்ளி எடுத்து 78,000 கைக்கு வந்தால், அதையும் சீட்டிலிருந்து சேமிப்புக்குப் பரிமாற்றமாகவே போடுங்கள். சீட்டுக் கணக்கு மைனஸுக்குப் போகும். அது சரியே, அந்த நிமிடத்திலிருந்து சீட்டு உங்களுக்குச் சேமிப்பாக இல்லை, கடனாகிவிட்டது. மீதித் தவணைகளைக் கட்டக் கட்ட மேலே வரும். 20 மாதமும் முடிந்தபின், மொத்தம் 84,000 கட்டியிருந்தால் கணக்கில் 6,000 மிஞ்சி நிற்கும். அதுதான் முன்கூட்டியே பணம் எடுத்ததற்கு நீங்கள் கொடுத்த விலை. அதைச் செலவாக எழுதிக் கணக்கைப் பூஜ்ஜியமாக்குங்கள். கடைசிவரை பொறுத்திருந்து கட்டியதைவிட அதிகமாக எடுத்தவருக்கு மைனஸ் மிஞ்சும். அது அவருடைய வருமானம். சீட்டில் உண்மையில் லாபமா நட்டமா என்று வீட்டில் நடக்கும் நீண்ட வாதத்தை இந்த ஒரு எண் தீர்த்துவைக்கும்.

கைமாற்றாகக் கொடுத்த பணமும் இப்படித்தான். மச்சானுக்கு 10,000 கொடுத்தால் "கைமாற்று" என்ற கணக்குக்குப் பரிமாற்றம். திரும்பி வந்தால் எதிர்த்திசையில் பரிமாற்றம். வரவே வராது என்று தெரிந்த அன்றைக்குச் செலவாக எழுதிவிடலாம். ஒருவேளை கொடுக்கும்போதே அது உங்கள் மனதில் தெளிவாக இருந்தால், அன்றைக்கே உதவி என்று எழுதிவிடுங்கள். புத்தகத்திலும் மனதிலும் பாரம் குறையும்.

ஸ்டேட்மென்ட் இறக்குமதி செய்யும்போது

கையால் எழுதும்போது தொல்லை குறைவு. இரண்டு வங்கிகளின் ஸ்டேட்மென்ட் கோப்புகளையும் செயலியில் ஏற்றும்போதுதான் சிக்கல், ஏனென்றால் ஒவ்வொரு பரிமாற்றமும் இரண்டு கோப்பிலும் இருக்கிறது. முதல் வங்கியின் கோப்பை ஏற்றி, இரண்டாவது வங்கிக்குப் போன வரிகளுக்கு எதிர்க் கணக்காக அந்த இரண்டாவது வங்கியையே குறித்துவிடுங்கள். அதே நொடியில் இரண்டாவது வங்கியின் பக்கத்திலும் அந்த வரிகள் உருவாகிவிடும். அதன் பிறகு இரண்டாவது கோப்பை ஏற்றும்போது, நல்ல செயலி "இது ஏற்கெனவே இருக்கிறது போலிருக்கிறதே" என்று இணை காட்டும். க்னூகேஷின் இறக்குமதிப் பெட்டியில் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒரு கட்டமும், இருப்பதோடு பொருத்துவதற்கு வேறு கட்டமும் உண்டு, பொருத்துவதைத் தேர்ந்தெடுங்கள். எதிர்க் கணக்கே குறிக்காமல் விட்டுவிட்ட வரிகளை க்னூகேஷ் "இம்பேலன்ஸ்" என்ற கணக்கில் கொண்டுபோய்ப் போடும்; அந்தக் கணக்கில் ஏதாவது இருந்தால் பாக்கி வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஆக்சுவல் பட்ஜெட்டில் இரண்டு கோப்பையும் ஏற்றியபின், இணையான இரண்டு வரிகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே பரிமாற்றமாக மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வரிக்கு எது இணை என்று தெரியவில்லையா? யுபிஐ, ஐஎம்பிஎஸ் பரிமாற்றங்களுக்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. நெஃப்ட் என்றால் 16 எழுத்துள்ள யுடிஆர் எண். வரி விவரத்தில் அந்த எண் இருபுறமும் ஒன்றாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஒரே நாளில் 5,000, 5,000 என்று இரண்டு முறை அனுப்பியிருந்தால் தொகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இந்த எண்தான் கைகொடுக்கும்.

பிழை எந்த வகை என்பதை இருப்பைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே பரிமாற்றம் இரண்டு முறை ஏறியிருந்தால், அனுப்பிய வங்கியில் அந்தத் தொகை குறைவாகவும் பெற்ற வங்கியில் அதே தொகை கூடுதலாகவும் காட்டும். இரண்டையும் கூட்டினால் மட்டும் சரியாக வரும். ஒரு வங்கியில் மட்டும் வித்தியாசம் என்றால் பரிமாற்றத்தின் எதிர்க் கணக்கு தவறாகப் போயிருக்கலாம், அல்லது பரிமாற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத வரி ஒன்று விடுபட்டிருக்கலாம். இருப்பு எல்லாம் சரி, ஆனால் வரவும் செலவும் ஒரே அளவுக்கு வீங்கியிருக்கிறது என்றால், அது முதலில் சொன்ன வகை. வரவு அறிக்கையில் சம்பளம், வட்டி தவிர வேறு பெரிய தொகை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், உடனே அகப்படும்.

தேதி இடிக்கும்போது

மார்ச் 31 அன்று கார்டு பில் கட்டினீர்கள், கார்டு ஸ்டேட்மென்ட்டில் ஏப்ரல் 2 என்று ஏறியிருக்கிறது. எந்தத் தேதி போடுவது? பணம் உங்கள் கையை விட்டுப் போன தேதியைப் போடுங்கள், மறுபக்கம் இரண்டு நாள் முந்தித் தெரிவதை அப்படியே விடுங்கள். மொத்தச் சொத்து மதிப்பு சரியாக இருக்கும், ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடும்போது மட்டும் அந்த வரி அடுத்த மாதத்தில் டிக் ஆகும். க்னூகேஷில் ஒரு பதிவுக்கு ஒரே தேதிதான். ஹெச்லெட்ஜரில் ஒவ்வொரு வரிக்கும் தனித் தேதி போட வழி உண்டு.

இந்தியாவுக்குள் இந்தத் தொல்லை முன்பைவிடக் குறைந்துவிட்டது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இரவு பகல், விடுமுறை என்று பாராமல் அரைமணிக்கு ஒரு தொகுப்பாக நடக்கிறது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல் முழுநேரமும். யுபிஐயில் அந்த நொடியே. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். அப்படி அடிக்கடி அனுப்புபவர் "வழியில் உள்ள பணம்" என்று ஒரு இடைக்கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. அனுப்பும்போது அதற்குள் போகும், வந்து சேரும்போது அதிலிருந்து வெளியேறும். அந்தக் கணக்கு பூஜ்ஜியமாக இல்லை என்றால் ஏதோ ஒரு பணம் இன்னும் வந்து சேரவில்லை, அல்லது நீங்கள் ஒரு பக்கத்தை எழுத மறந்துவிட்டீர்கள். செயலியில் பரிமாற்றம் என்ற வசதியே இல்லாதவர்களும் இதே இடைக்கணக்கை வைத்துச் சமாளிக்கலாம்.

நாணயம் மாறும் பரிமாற்றத்தில் இரண்டு தொகைகள் இருக்கும். சிங்கப்பூரில் 1,000 டாலர் அனுப்பியதில் 5 டாலர் கட்டணம், டாலருக்கு 64 ரூபாய் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், 5 டாலர் செலவு. மீதி 995 டாலர் அங்கே குறைந்து இங்கே 63,680 ரூபாய் ஏறுகிறது. மாற்று விகிதத்தை நீங்கள் தேடிப்பிடித்துத் தட்ட வேண்டாம். போன டாலரையும் வந்த ரூபாயையும் இரண்டு ஸ்டேட்மென்ட்டிலிருந்தும் அப்படியே கொடுங்கள், விகிதத்தைச் செயலி வகுத்துக்கொள்ளும். க்னூகேஷும் இந்த இடத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, விகிதமோ வந்த தொகையோ இரண்டில் ஒன்றைக் கேட்கும். வந்த தொகையைக் கொடுப்பதே நல்லது, பைசா வித்தியாசம் வராது.

ஏற்கெனவே எழுதியவை தாறுமாறாக இருந்தால்

பழைய வருடங்களையெல்லாம் தோண்ட வேண்டாம். இந்த மாத முதல் தேதியன்று ஒவ்வொரு கணக்கின் உண்மையான இருப்பையும் தொடக்க இருப்பாகப் போட்டு, அங்கிருந்து சரியாக எழுதுங்கள். நடப்பு நிதியாண்டை மட்டுமாவது திருத்த வேண்டும் என்றால், செயலியின் பதிவுகளைத் தொகை வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே தொகை ஒன்று வரவிலும் ஒன்று செலவிலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் ஜோடிகளில் பெரும்பாலானவை பரிமாற்றங்கள். பெரிய தொகையிலிருந்து கீழே வாருங்கள்; ஆயிரம் ரூபாய்க்குக் கீழே போனதும் நிறுத்திக்கொள்ளலாம், அறிக்கையின் முகத்தை மாற்றும் அளவுக்கு அதற்குக் கீழே பெரும்பாலும் எதுவும் இருக்காது.